காற்று எடுத்த வகிடு

2023 மார்ச் 24, வெள்ளிக்கிழமை மாலை. பஞ்சாபின் தென்மேற்குக் கோடியில், ஒரு பக்கம் பாகிஸ்தானும் இன்னொரு பக்கம் ராஜஸ்தானும் எல்லையாக இருக்கும் ஃபாஸில்கா மாவட்டம். கோதுமை பால்பிடித்து முற்றிக்கொண்டிருந்தது. பைசாகிப் பண்டிகைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அது முடிந்தால் அறுவடை. கின்னோ ஆரஞ்சுத் தோட்டங்களில் பழம் பறித்து முடித்து, அடுத்த போகத்துக்கான பூ வைத்திருந்தது. அந்த நேரத்தில்தான் பகைன்வாலா என்ற கிராமத்தின் மேல் ஒரு டொர்னாடோ இறங்கியது.

சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் தூரத்துக்குத் தரையைத் தொட்டபடி போன அந்தச் சுழல்காற்று சுமார் 50 வீடுகளைச் சேதப்படுத்தியது. பத்துப் பன்னிரண்டு பேருக்குக் காயம். உயிரிழப்பு இல்லை. வயல்வெளியில் நின்ற யாரோ கைபேசியில் எடுத்த வீடியோவில் மண்ணையும் கூரைத் துண்டுகளையும் சுருட்டிக்கொண்டு ஒரு சாம்பல்நிறத் தூண் நகர்ந்து போகிறது. அடுத்த நாள் நாடு முழுக்க அந்த வீடியோ ஓடியது. இரண்டு நாள் கழித்து எல்லோரும் மறந்துபோனார்கள்.

அந்த வீடியோ இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். அந்த வாரம் முழுக்க பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என வட மாநிலங்களில் பருவம் தவறிய மழையும் ஆலங்கட்டியும் கோதுமையைச் சாய்த்துக்கொண்டிருந்தன. பகைன்வாலாவும் 'பலத்த காற்றுடன் மழை, வீடுகள் சேதம்' என்ற ஒற்றை வரிச் செய்தியில் கரைந்திருக்கும். கங்கைச் சமவெளியிலும் வங்காளத்திலும் ஒடிசாவிலும் அப்படிக் கரைந்துபோன ஊர்கள் எத்தனையோ இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொல்லாத சிறிய டொர்னாடோவுக்கு நம்மிடம் கணக்கே கிடையாது. அது கடந்து போன ஊருக்கும் அதனால் கணக்குக் கிடையாது.

பலவீனம் என்பது யாருக்கு?

டொர்னாடோவின் வலுவை நேரில் அளப்பது அநேகமாக நடக்காத காரியம். காற்றுமானி வைத்திருக்கும் இடத்தைத் தேடி அது வருவதில்லை. வந்தால் காற்றுமானி மிஞ்சுவதில்லை. அதனால், அது உடைத்துப் போட்டதைப் பார்த்து அதன் வேகத்தை ஊகிக்கும் முறையை 1971-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட்சுயா ஃபுஜிடா உருவாக்கினார். 1945-ல் அணுகுண்டு விழுந்த நாகசாகியிலும் ஹிரோஷிமாவிலும் இடிபாடுகளுக்கு நடுவே நடந்து, எது எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்ட இளைஞர் அவர். சாய்ந்து கிடப்பதைப் படிக்கும் அந்தப் பயிற்சிதான் பின்னாளில் அமெரிக்காவின் டொர்னாடோத் தடங்களில் அவருக்குக் கைகொடுத்தது.

அவருடைய அளவுகோலைப் பொறியாளர்கள் திருத்தி அமைத்த வடிவம் ('மேம்படுத்திய ஃபுஜிடா', சுருக்கமாக இ.எஃப்.) 2007 பிப்ரவரி முதல் அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் திருத்தத்தில் முன்னின்றவர்களில் ஒருவர், டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த கிஷோர் மேத்தா. இந்தியா, வங்கதேச டொர்னாடோக்களைப் பற்றிய பழைய பதிவுகளைத் திரட்டி 1981-ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைக்கும் அவர் இணை ஆசிரியர்.

இந்த அளவுகோலில் இ.எஃப்.0 முதல் இ.எஃப்.5 வரை ஆறு படிகள். கீழே இருக்கும் இரண்டு படிகளைத்தான் 'பலவீனமானவை' என்கிறார்கள். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டொர்னாடோக்கள் பதிவாகின்றன; அவற்றில் மிகப் பெரும்பான்மை இந்த இரண்டு படிகளுக்குள் அடங்கிவிடும். கான்சாஸ், மிசூரி, அலபாமா போன்ற மாநிலங்களின் சிற்றூர்களில் இவை ஒரு தானியக் களஞ்சியத்தின் கூரை, நான்கைந்து பெரிய மரங்கள், சக்கரத்தின் மேல் நிற்கும் ஒரு வீடு என்று பறித்துக்கொண்டு போகின்றன. உள்ளூர்ப் பத்திரிகையைத் தாண்டிச் செய்தி போவதில்லை.

பலவீனம் என்றால் எவ்வளவு? இ.எஃப்.0 என்றால் மணிக்கு 105 முதல் 137 கி.மீ. இ.எஃப்.1 என்றால் 138 முதல் 177 கி.மீ. இந்த எண்களைத் தஞ்சாவூரிலோ புதுக்கோட்டையிலோ வாசிப்பவர்களுக்கு உடனே ஒன்று நினைவுக்கு வரும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலின் காற்றும் ஏறத்தாழ இந்த வேகத்தில்தான் வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளை அந்தக் காற்று என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். டொர்னாடோ அளவுகோலில் அது 'பலவீனமான' கீழ்ப் படிகளுக்குள் அடங்கிவிடும். புயலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே அந்தக் காற்று சில நிமிடங்களில், சில பத்து மீட்டர் அகலத்தில், சுழன்றுகொண்டே வருகிறது என்பது. உங்கள் வீடு அந்தக் கோட்டுக்குள் இருந்தால் உங்களுக்குக் கஜா. பக்கத்து வீட்டுக்காரருக்கு வெறும் மழை.

இன்னொன்றும் உண்டு. இந்த அளவுகோல் காற்றை அளப்பதில்லை, உடைந்ததை அளக்கிறது. உடைய ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில் எப்பேர்ப்பட்ட சுழல்காற்று போனாலும் அதற்குப் பெரிய மதிப்பெண் கிடைக்காது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே போன டொர்னாடோ 4 கி.மீ.க்கும் மேல் அகலமானது. நடமாடும் ரேடார்கள் அதற்குள் மிகக் கொடிய வேகத்தைப் பதிவு செய்தன. ஆனால் அது பெரும்பாலும் வயல்வெளியில் போனதால், சேதத்தை வைத்து இ.எஃப்.3 என்றே முடிவானது. அமெரிக்கப் பட்டியலில் சேதத்தைப் பார்த்து மதிப்பிட 28 வகைப் பொருள்கள் இருக்கின்றன. முதலாவதாக இருப்பது சிறிய களஞ்சியம், பண்ணைக் கொட்டகை. கடைசி இரண்டும் மரங்கள். கிராமத்தில் விசாரிக்கப் போகிறவருக்குக் கிடைக்கும் சாட்சிகள் பெரும்பாலும் இவைதான். ஆக, கிராமத்து டொர்னாடோவுக்குக் கிடைக்கும் 'பலவீனம்' என்ற பெயரில் காற்றின் பங்கும் உண்டு, அந்த ஊரில் உடைவதற்கு அதிகம் இல்லாமல்போன நிலைமையின் பங்கும் உண்டு.

தடத்தைப் படிப்பவர்கள்

அமெரிக்காவில் இப்படி ஒன்று நடந்தால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தேசிய வானிலைச் சேவையின் உள்ளூர் அலுவலகத்திலிருந்து இரண்டு மூன்று பேர் அந்த ஊருக்கு வந்துவிடுவார்கள். ஊரில் மொத்தம் இருபது வீடுகளே இருந்தாலும் வருவார்கள். தடம் தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை நடப்பார்கள், இல்லை ஓட்டிக்கொண்டு போவார்கள். கையிலிருக்கும் கருவியில் ஒவ்வொரு சேதத்தையும் படம் எடுத்து, இடம் குறித்து, என்ன வேகம் இதைச் செய்திருக்கும் என்று பதிவார்கள்.

முதலில் அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியது, வந்தது டொர்னாடோதானா என்பது. இடிமேகத்திலிருந்து தரையில் மோதி விரியும் நேர்க்காற்றும் இதே அளவு சேதம் செய்யும். அதை மரங்கள் காட்டிக்கொடுத்துவிடும். நேர்க்காற்றில் எல்லா மரங்களும் ஒரே பக்கம் சாயும், அல்லது ஒரு புள்ளியிலிருந்து விசிறியாக விரிந்து கிடக்கும். டொர்னாடோவில் இரண்டு ஓரத்து மரங்களும் நடுவை நோக்கி விழுந்திருக்கும்.

சிறிய டொர்னாடோவில் இது இன்னும் நுட்பமானது. நம் அரைக்கோளத்தில் இவை பெரும்பாலும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றன. சுழற்சி மணிக்கு 110 கி.மீ., முழுச் சுழலும் முன்னோக்கி நகரும் வேகம் 40 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும் திசைக்கு வலப்பக்கத்தில் இரண்டும் சேர்ந்து 150. இடப்பக்கத்தில் ஒன்றை ஒன்று கழித்து 70. வலப்பக்கத்து மரம் வேரோடு சாயும். இடப்பக்கத்து மரத்தில் சில கிளைகள் மட்டும் ஒடியும். அவசரமாகப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே பக்கம் விழுந்தது போலத் தோன்றும். இடப்பக்கம் ஒடிந்த அந்தச் சில கிளைகள் எதிர்த்திசையில் கிடக்கின்றனவா என்று தேடிப் பார்ப்பவர்தான் சரியாகச் சொல்வார். முற்றிய கோதுமை வயலும் நல்ல சாட்சி. வகிடு எடுத்தது போல ஒரு கோடு வயலைப் பிளந்து போயிருக்கும். கோட்டின் இரு கரையிலும் கதிர்கள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருக்கும்.

இந்தச் சாட்சிகளுக்கு ஆயுள் மிகக் குறைவு. விழுந்த மரத்தை அன்றைக்கே வெட்டி வழியைத் திறப்பார்கள். பறந்துபோன தகரத்தைப் பொறுக்கிவந்து மறுபடி கூரையில் போடுவார்கள், ராத்திரி மழை வந்தால் நனையக் கூடாதல்லவா? மூன்று நாள் கழித்துப் போகும் ஆய்வாளருக்குப் பாதி கதை போயிருக்கும். ஒரு வாரம் கழித்துப் போனால் ஒன்றும் மிஞ்சாது.

'ரேடார் பார்த்துக்கொள்ளாதா' என்ற கேள்வி எழும். பார்க்காது. பாட்டியாலாவில் டாப்ளர் ரேடார் இருக்கிறது. பகைன்வாலா அங்கிருந்து சுமார் 200 கி.மீ. தூரம். ரேடார் கதிர் நேராகப் போகிறது, பூமி வளைந்து கீழே இறங்குகிறது. அந்தத் தூரத்தில் மிகத் தாழ்வான கதிர்கூடத் தரையிலிருந்து 4 கி.மீ. உயரத்தில் போகும். அதற்கு மேகத்தின் வயிறு தெரியும். தரையில் 50 மீட்டர் அகலத்தில் நடப்பது தெரியாது. நடந்து போய்ப் பார்ப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

பட்வாரியின் பதிவேடு

இந்தியாவில் அந்தத் தடத்தில் நடப்பவர் வேறொருவர். பஞ்சாபில் அவருக்குப் பெயர் பட்வாரி, நம்மூர் வி.ஏ.ஓ.வின் இடத்தில் இருப்பவர். எந்த வயலில் என்ன பயிர் என்று வருடத்துக்கு இரண்டு முறை அவர் எழுதும் பதிவு கிர்தாவரி, நம்மூர் அடங்கல் மாதிரி. மழையோ காற்றோ பயிரை அழித்தால், 'ஸ்பெஷல் கிர்தாவரி' என்று அரசு உத்தரவு போடும். பட்வாரி வயல் வயலாகப் போய், எத்தனை சதவீதம் சேதம் என்று எழுதுவார். 2023 மார்ச்சிலும் அப்படித்தான் உத்தரவு வந்தது. 75 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால் ஏக்கருக்கு 15,000 ரூபாய், 33 முதல் 75 சதவீதம் என்றால் 6,750 ரூபாய் என்று முதல்வர் பகவந்த் மான் அறிவித்தார். முழுதாக இடிந்த வீட்டுக்கு 95,100 ரூபாய், சிறு சேதத்துக்கு 5,200 ரூபாய். விவசாயக் கூலிகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்றார். அது நல்ல முடிவு, வயல் போனால் முதலில் வேலை போவது அவர்களுக்குத்தான்.

ஆனால் இந்தச் சதவீதக் கணக்கு மழைக்கும் வெள்ளத்துக்கும் செய்யப்பட்டது. வெள்ளம் வந்தால் ஊரே மூழ்கும், எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே கதி. டொர்னாடோ ஒரே விவசாயியின் நிலத்தில் ஒரு கோட்டை முழுதாக அழித்துவிட்டு மீதியைத் தொடாமல் போகும். ஐந்து ஏக்கரில் ஒரு ஏக்கர் சுத்தமாகப் போனால் அது நூறு சதவீதமா, இருபது சதவீதமா? எந்த எல்லைக்குள் வைத்துப் பார்ப்பது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு 15,000 ரூபாய் கிடைக்கும், அல்லது ஒன்றுமே கிடைக்காது.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பஞ்சாப் அப்போது சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் இந்த இடத்தில் பெரிய உதவி கிடைத்திருக்காது. தனிப்பட்ட வயலைப் போய்ப் பார்க்கும் 'உள்ளூர்ச் சேதம்' என்ற பிரிவில் ஆலங்கட்டி, நிலச்சரிவு, நீர் தேங்கல், மேகவெடிப்பு, மின்னலால் வரும் தீ ஆகியவை இருக்கின்றன. சுழல்காற்று இல்லை. மற்றச் சேதங்களை ஊரின் சராசரி விளைச்சலை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். 50 மீட்டர் கோடு ஊர்ச் சராசரியை அசைக்காது.

கின்னோத் தோட்டத்துக்காரரின் நிலை இன்னும் கஷ்டம். கின்னோ என்பது கலிஃபோர்னியாவில் 1915-ல் கலப்பினமாக உருவாக்கி, 1935-ல் வெளியிட்ட கமலா ஆரஞ்சு வகை. ஃபாஸில்கா மாவட்டத்து அபோஹர் பக்கத்து மண்ணையும் வாய்க்கால் நீரையும் பிடித்துக்கொண்டு, அந்த வட்டாரத்தின் பிழைப்பாகவே ஆகிவிட்டது. நட்டு மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் காய்க்கத் தொடங்கும். நிறைந்த காய்ப்புக்கு இன்னும் சில வருடம். அதன் வேர் ஆழமாகப் போவதில்லை, தலையோ அடர்த்தி. மழையில் ஊறிய மண்ணில் சுழல்காற்று அந்தத் தலையைப் பிடித்துத் திருகினால் வேர்த்தட்டோடு பெயர்ந்து வரும். கோதுமை போனால் ஒரு போகம் போச்சு, நவம்பரில் மறுபடி விதைக்கலாம். கின்னோ மரம் விழுந்தால் பிள்ளை பள்ளிப்படிப்பை முடிக்கிற வரைக்குமான வருமானம் விழுகிறது.

பேரிடர் நிவாரண நிதியின் அப்போதைய தேசிய விதிப்படி, பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய். ஏக்கருக்கு நூற்றுச் சொச்சம் மரம் என்று வைத்துக்கொண்டால், மரத்துக்கு 85 ரூபாய்கூட வராது. ஒரு நாற்று வாங்கி, குழி எடுத்து நட்டாலே அந்தப் பணம் தீர்ந்துவிடும்.

இதை வேறு மாதிரியும் செய்ய முடியும் என்று கஜா காட்டியது. விழுந்த தென்னையைத் தமிழ்நாடு அரசு மரக் கணக்காகவே எடுத்தது. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய். அது போதாது என்று டெல்டா விவசாயிகள் போராடினார்கள், அவர்கள் போராடியது நியாயம். என்றாலும், மரத்தை எண்ணலாம் என்ற இடத்துக்கு ஓர் அரசு வந்து சேர்ந்ததே ஃபாஸில்கா தோட்டக்காரருக்கு நாம் காட்டக்கூடிய முன்னுதாரணம்.

பட்டியலில் இல்லாத பேரிடர்

மத்திய அரசு அறிவித்த பேரிடர்ப் பட்டியலில் புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிர் அலையும் என 12 இனங்கள் இருந்தன. டொர்னாடோ அதில் இல்லை. இப்படிப் பட்டியலில் இல்லாதவற்றுக்கு, மாநிலங்கள் தங்கள் நிவாரண நிதியில் பத்து சதவீதம் வரை செலவிடலாம். அதற்கு 'எங்கள் மாநிலத்தில் இது பேரிடர்' என்று அவை அறிவிக்க வேண்டும். ஒடிசா அதைச் செய்திருக்கிறது. மின்னல், வெப்ப அலை, படகு விபத்து, பாம்புக்கடி ஆகியவற்றோடு சுழல்காற்றையும் டொர்னாடோவையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 2009 மார்ச் 31 அன்று கேந்திரபாரா மாவட்டத்தின் ராஜ்கனிகாவில் ஒரு டொர்னாடோ பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மாநிலம் அது.

பெயர் சேராத இடத்தில் நிவாரணம் ஒவ்வொரு தடவையும் தலைவர்களின் மனதைப் பொறுத்தது. 2024 மார்ச் 31, ஞாயிறு மதியம், மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி, மைனாகுரிப் பகுதியில் இப்படித்தான் ஒன்று வந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். வீடுகள் நூற்றுக்கணக்கில் போயின. தகரக் கூரை வீடுகள் நிறைந்த பகுதி அது, பறக்கும் தகரம் அரிவாளுக்குச் சமம். அப்போதைய முதல்வர் மம்தா பானர்ஜி அன்றிரவே கிளம்பிப் போனார். ஆனால் தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தது. ஏப்ரல் 19 அங்கே வாக்குப்பதிவு. வீடு கட்டப் பணம் கொடுக்கத் தேர்தல் ஆணையத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. கூரையில்லாதவர்களை நடுவில் வைத்துக் கட்சிகள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தன. விதியில் முன்பே எழுதப்பட்ட உரிமையாக இருந்திருந்தால் யாருடைய அனுமதியையும் கேட்டிருக்க வேண்டியதில்லை.

பகைன்வாலா, ராஜ்கனிகா, ஜல்பாய்குரி மூன்றிலும் இது மார்ச் கடைசியில் வந்தது தற்செயல் அல்ல. மேற்கிலிருந்து வரும் காற்றுக் கலக்கங்கள் வட இந்தியாவின் மேல்வானில் அப்போதும் வலுவாக இருக்கும்; கீழே தரை சூடேறியிருக்கும்; அரபிக்கடலிலிருந்தோ வங்கக்கடலிலிருந்தோ ஈரம் உள்ளே வரும். உயரத்துக்கு உயரம் காற்று திசையும் வேகமும் மாறினால் இடிமேகமே சுழலத் தொடங்கும். தெற்கே நமக்கு வெயிலும் ஈரமும் உண்டு, மேலே அந்த வலுவான காற்று வருவது அபூர்வம். 1978 மார்ச் 17 அன்று டெல்லிப் பல்கலைக்கழகப் பகுதியில் 28 பேரைக் கொன்ற டொர்னாடோவும் இதே பருவத்தில் வந்ததுதான். அதன் தடம் சுமார் 5 கி.மீ. நீளம், 50 மீட்டர் அகலம் என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. தலைநகரில் நடந்ததால் அதை அளக்க ஆள் இருந்தது.

பகைன்வாலாக்களையும் அளக்கலாம். ஜப்பான் தன் மரவீடுகளையும் தானியங்கி விற்பனை இயந்திரங்களையும் சேர்த்துத் தனக்கென ஓர் அளவுகோலை 2016-ல் கொண்டுவந்தது. நம் கிராமத்துச் செங்கல் சுவருக்கும், கர்டர் போட்ட கூரைக்கும், ட்யூப்வெல் கொட்டகைக்கும், கின்னோவுக்கும் அப்படி ஒன்றைச் செய்ய நம் பொறியாளர்களால் முடியும். அதற்கு முன்பே தொடங்கக்கூடிய வேலையும் இருக்கிறது. பட்வாரி எப்படியும் அந்தத் தடத்தில் நடக்கத்தான் போகிறார். அவருடைய படிவத்தில் மூன்று கட்டங்களைச் சேர்த்தால் போதும்: மரம் எந்தத் திசையில் விழுந்து கிடக்கிறது, கூரை எங்கிருந்து பறந்து எங்கே விழுந்தது, சேதமான கோட்டின் அகலம் எத்தனை அடி. அந்தத் தாளின் ஒரு நகல் சண்டிகரில் இருக்கும் வானிலை மையத்துக்குப் போகட்டும். மரம் வெட்டப்படுவதற்கு முன், 48 மணி நேரத்துக்குள் போகட்டும்.